மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபின் மருத்துவர்களை ஒருங்கிணைப்பது எப்படி?

முடிவு ஒன்றுதான். அதை வைத்து வேலை செய்ய வேண்டியவர்கள் நான்கைந்து பேர். யார் எதைச் செய்வது என்று எழுதி வைக்காவிட்டால், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒவ்வொருவரும் இருந்து, கடைசியில் யாருமே பார்க்காமல் போய்விடும்.

படி 1: பொறுப்பாளர். பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தவரோ, மரபணு ஆலோசகரோ, குடும்ப மருத்துவரோ, ஒருவர் பெயர் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். யாரிடமெல்லாம் தகவலைப் பகிரலாம் என்று நோயாளியிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள்.

படி 2: அறிக்கையைச் சரியாகப் படியுங்கள். மரபணுவின் பெயர், அதில் கண்ட மாற்றத்தின் முழுக் குறியீடு (எந்த இடத்தில் என்ன மாறியது என்று காட்டும் எழுத்தும் எண்ணும்), வகைப்பாடு ஆகிய மூன்றும் வேண்டும். 2015இல் வெளியான வழிகாட்டுதல்படி வகைகள் ஐந்து: நோய் உண்டாக்குவது, உண்டாக்க வாய்ப்புள்ளது, பொருள் தெளிவற்றது, தீங்கற்றதாக இருக்க வாய்ப்புள்ளது, தீங்கற்றது. அதிகம் தவறு நடப்பது நடுவில் உள்ளதில்தான். பொருள் தெளிவற்ற மாற்றத்தை யாராவது "பாசிட்டிவ்" என்று சுருக்கி எழுதிவிட்டால், தேவையில்லாத அறுவை சிகிச்சை வரை பேச்சு போய்விடும். அந்த மாற்றத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது. குடும்ப நோய் வரலாறுதான் அங்கே வழிகாட்டி. "நெகட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லும் ஆபத்துதான். வலுவான குடும்ப வரலாறு அதனால் அழிந்துவிடாது.

படி 3: ஒரு பக்கக் குறிப்பு. முழு அறிக்கையின் நகலோடு, ஒவ்வொரு மருத்துவருக்கும் அவர் செய்ய வேண்டியதை மட்டும் தனியாக எழுதுங்கள். 32 வயதுப் பெண்ணுக்கு பிஆர்சிஏ2 மரபணுவில் நோய் உண்டாக்கும் மாற்றம் (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது) என்றால், மார்பக மருத்துவருக்கு இப்படி:

"ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ, மேமோகிராம் இரண்டையும் தொடங்க வேண்டுகிறோம். தேதி முடிவானதும் தெரிவியுங்கள்."

மகப்பேறு மருத்துவருக்கு: "குழந்தைப்பேறு திட்டம் கேட்டறிந்து, சினைப்பை அகற்றுவதற்கு உரிய வயது பற்றிப் பேச வேண்டுகிறோம்."

"தக்க நடவடிக்கைக்காக" என்று மட்டும் எழுதி அனுப்பும் கடிதம் கோப்பிலேயே உறங்கும்.

படி 4: மருந்து. மரபணு மாற்றத்தால் சிஒய்பி2சி19 (சில மருந்துகளை உடலில் மாற்றும் நொதி) வேலை செய்யாதவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மருந்து சரியாகப் பலன் தராது. இதுபோன்ற முடிவை, ஒவ்வாமை எழுதும் அதே இடத்தில் பதியுங்கள். மருந்து எழுதுபவர் கண் முதலில் போவது அங்கேதான்.

படி 5: உறவினர்கள். பிஆர்சிஏ2 போன்றவற்றில் பெற்றோர் ஒருவரிடம் மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு, மகனோ மகளோ. தந்தை வழியாகவும் வரும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உறவினருக்கான கடிதத்தை நோயாளி கையில் கொடுங்கள். மாற்றத்தின் முழுக் குறியீடு அதில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் ஆய்வகம் அந்த ஒரு மாற்றத்தை நேரே தேடும். அப்போது வரும் "இல்லை" என்ற பதிலையும் நம்பலாம்.

படி 6: பின்தொடர்தல். கடிதம் அனுப்பி இரண்டு வாரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து, சந்திப்புத் தேதி கிடைத்ததா என்று கேட்டுக் குறியுங்கள். பொருள் தெளிவற்ற மாற்றம் என்றால், வகைப்பாடு மாறியதா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் கேளுங்கள். மாறியிருந்தால், முதல் கடிதம் போன அத்தனை பேருக்கும் திருத்தக் கடிதம் போக வேண்டும், நோயாளிக்கும் சேர்த்து.