கருமருந்துத் துப்பாக்கியில் எல்க் வேட்டை: சுடுவது முதல் கறியைச் சுமப்பது வரை

எல்க் என்பது வட அமெரிக்காவில் வாழும் பெரிய மான். அதன் வேட்டையில் முதலில் போட வேண்டியது சுமைக் கணக்கு. நன்றாக வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு சுமார் 300 கிலோ இருக்கும். எலும்பை நீக்கினாலும் 90 முதல் 110 கிலோ கறி தேறும். மலையில் ஒருவர் ஒரு நடைக்கு 30 கிலோ சுமப்பதே பெரிது. அப்படிப் பார்த்தால் நாலு நடை. வெறுங்கையோடு திரும்புவதையும் சேர்த்தால் அதே வழியை ஏழு தடவை கடக்க வேண்டும். தனி ஆள் என்றால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து 2 கிலோமீட்டர், இருவர் என்றால் 4 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பள்ளத்தின் அடியில் நிற்பது எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் விட்டுவிடுவதே புத்தி. சக்கர வண்டியில் இழுத்து வரலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் 1964-ம் ஆண்டு வில்டர்னஸ் சட்டப்படி காக்கப்பட்ட காடுகளில் அதற்கு அனுமதி இல்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் கருமருந்துத் துப்பாக்கிக்கென்றே செப்டம்பர் நடுவில் ஒன்பது நாள் பருவம் உண்டு. உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும். விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். எல்க்குக்குக் குறைந்தது .50 காலிபர் (அரை அங்குலக் குழல் விட்டம்) வேண்டும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), மாத்திரை வடிவ மருந்து, குண்டைச் சுற்றிவரும் பிளாஸ்டிக் உறை மூன்றுக்கும் தடை. உடம்பில் 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பிங்க்கோ தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த வருடக் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

மருந்து கெட்டிப்பது

நம்மூர் நாட்டுத் துப்பாக்கி வேலை செய்யும் அதே முறைதான். வெடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் எண்ணெயும் ஈரமும்தான் காரணம். முதலில் காய்ந்த துணியால் குழலைத் துடையுங்கள். ஒரு துணித்துண்டைக் கம்பியால் அடிவரை தள்ளிவைத்து, மருந்தில்லாமல் பாதுகாப்பான திசையில் இரண்டு கேப்பை (மருந்துக்குத் தீப்பொறி தரும் சிறு மூடி) மட்டும் சுடுங்கள். துணியை வெளியே எடுத்தால் நடுவில் கறுப்பாகக் கருகிய வட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேப் உட்காரும் நிப்பிளின் துளை அடைத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்யாமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

மருந்தைத் தராசில் அளக்காதீர்கள், கன அளவுக் குழாயில் அளங்கள். .50 குழலில் 385 கிரெய்ன் (சுமார் 25 கிராம்) ஈயக் குண்டுக்கு 80 முதல் 90 கிரெய்ன் கருமருந்து போதும். ட்ரிபிள் செவன் என்ற மாற்று மருந்து என்றால் 15 சதவீதம் குறையுங்கள். துப்பாக்கிக் கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டவே கூடாது. குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டினால், உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தாலும் குடுவை கையிலேயே வெடிக்கும். நவீனத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட வேண்டாம், குழல் பிளந்துவிடும்.

குண்டை ஒரே சீராக அழுத்தி மருந்தின்மேல் உட்கார வையுங்கள். அப்போது குழல் வாய் மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு போடுங்கள். காலிக் குழலுக்கு வேறொரு கோடு. குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு நடந்தால் கனத்த குண்டு மெல்ல முன்னே நகரும். மருந்துக்கும் குண்டுக்கும் இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். ஆகவே அவ்வப்போது கேப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியை விட்டுக் கோட்டைச் சரிபாருங்கள். மழைக்குக் குழல் வாயில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடலாம். குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடும். குளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் வியர்த்து மருந்து நனையும். வண்டியில் ஏற்றும்போது கேப் இருக்கவே கூடாது.

கேப்பை அடிக்கும் குதிரை விழுந்தும் வெடிக்கவில்லையா? ஒரு முழு நிமிடம் குழலை அதே பாதுகாப்பான திசையில் பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பதுண்டு.

நெருங்குவதும் சுடுவதும்

செப்டம்பர் எல்க் இணைசேரும் காலம். ஆண் கூவினால், பெண் எல்க்கின் குரலில் பதில் கொடுத்தால் வரும். ஆனால் குரல் வந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடும். அதனால் கூப்பிடுபவர், சுடுபவருக்கு 40, 50 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். காற்று காலையில் சரிவில் கீழிறங்கும், வெயில் ஏறியதும் மேலேறும், மாலையில் மறுபடி இறங்கும். திசை மாறும் அந்த நேரத்தில் சுழன்றடிக்கும். அப்போது நகரவே வேண்டாம்.

90 மீட்டருக்குமேல் சுடாதீர்கள். 50 மீட்டர் இன்னும் நல்லது. பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வையுங்கள். சுட்டதும் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும். குனிந்து புகைக்கு அடியில் பாருங்கள், எந்த மரத்தைத் தாண்டிப் போனது என்று மனதில் வையுங்கள். ஈரத்துணியை ஒரு தடவை குழலில் விட்டு எடுத்து மறுபடி கெட்டியுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தடம் பிடியுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், கருஞ்சிவப்பு ஈரல். பச்சையாக, சாண நாற்றத்தோடு இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. ஆறேழு மணி நேரம் காத்திருக்காமல் பின்தொடர்ந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அறுப்பதும் சுமப்பதும்

முதலில் உரிமச் சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தனியாகக் கிழித்தெடுங்கள். பிறகு வயிற்றைத் திறக்காமலேயே அறுக்கலாம். ஒருக்களித்துக் கிடத்தி, கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பை ஒட்டிக் கீறி, தோலை வயிற்றுப் பக்கமாக உரியுங்கள். முன்னங்காலுக்கு எலும்பு மூட்டுப் பிடிப்பு கிடையாது. தூக்கிப் பிடித்து அடிச்சதையை அறுத்தாலே வந்துவிடும். பின்னந்தொடைக்கு இடுப்புக் குண்டு மூட்டைத் தேடி அங்கே அறுங்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளக்கறி, கழுத்துக்கறி, விலாக்கறியை எடுத்தபின், கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டால் உள்முதுகுக் கறி கைக்கு வரும். குடலைக் கத்தி தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு புரட்டிப்போட்டு மறுபக்கம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை ஒரு தொடையோடு ஒட்டியே விட வேண்டும், அது சட்டம்.

கறி கெடுவது பெரும்பாலும் தொடை எலும்பை ஒட்டித்தான். வெளியே தொட்டால் சில்லென்றிருக்கும், உள்ளே இடுப்பு மூட்டருகே சூடு தங்கிப் புளித்துவிடும். தோலை உடனே உரிப்பதும், எலும்புவரை ஒரு கீறல் போட்டுத் திறந்துவைப்பதும்தான் வழி. காற்றோடும் பருத்திப் பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஓடைத் தண்ணீரில் முக்கவும் வேண்டாம். பகலில் 20 டிகிரியைத் தாண்டினால் அன்றே இறக்கியாக வேண்டும். கரடி வரும், மிச்சம் கிடக்கும் இடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் கிளையில் கட்டுங்கள். திரும்பி வரும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

எலும்போடு ஒரு பின்னந்தொடை 25 முதல் 30 கிலோ. எலும்பை எடுத்தால் சில கிலோ குறையும், ஆனால் கறி பையின் அடியில் சரிந்து முதுகை இழுக்கும். தூரம் குறைவென்றால் எலும்போடு சுமப்பதே சுகம். சட்டகப் பையில் தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி, ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். இறக்கத்தில் இரண்டு ஊன்றுகோல் இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும். சுமைமேல் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே தொடைகளை முடித்துவிடுங்கள், கொம்பு கடைசி நடையில் வரட்டும். இதெல்லாம் முடியாது என்று தோன்றினால், சுடுவதற்கு முன்பே கோவேறு கழுதைக்காரரிடம் பேசி வையுங்கள். ஒரு எல்க்குக்கு இரண்டு கழுதை வேண்டும்.

வண்டியில் பெரிய ஐஸ் பெட்டிகள் இரண்டு, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களோடு தயாராக இருக்கட்டும். உருகும் நீரில் கறி ஊறக்கூடாது, வடிகால் மூடியைத் திறந்தே வையுங்கள். மான் இனத்தைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் கொலராடோவில் உண்டு. 1981-ல் காட்டு எல்க்கிலேயே கண்டுபிடித்தார்கள். தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காதீர்கள். முடிவு வரும்வரை அந்தக் கறியைத் தனியாகப் பெயர் ஒட்டி ஃப்ரீசரில் வையுங்கள். நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் அறிவுரை. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் அங்குள்ள விதியையும் பாருங்கள். பல மாநிலங்கள் தலையையும் முதுகெலும்பையும் உள்ளே விடுவதில்லை, எலும்பு நீக்கிய கறிக்குத் தடையில்லை.