சனல் தொகுப்பைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் ஒரு ரீலோட் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் கடைப் பையனிடம் கேட்டார்: "தம்பி, எனக்கு அந்த ஒரு சனல் மட்டும் காணும். அத மட்டும் போட ஏலாதே?" பையன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்: "அது தனிய வராது அன்ரி, மேல இருக்கிற பக்கேஜுக்கு மாறினாத்தான் வரும்." அந்த அம்மாவின் கேள்வியை, அதாவது சனல்களைத் தனியே விற்காமல் தொகுப்பாக (பக்கேஜாக) விற்பது ஏன், அதனால் யாருக்கு லாபம் என்பதை, பொருளியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் இதைப் பற்றி எழுதும் ஒப்படைகள் ஒவ்வோராண்டும் என் மேசைக்கு வருகின்றன. எழுதுகிறவர்கள் மாறினாலும் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

முதற் சறுக்கல் வகுத்தற் கணக்கில் நேர்கிறது. நூறு சனல்களுக்கு 2000 ரூபா கட்டுகிறோம், பார்ப்பது எட்டு, ஆகவே மீதி 92 சனல்களுக்கான 1840 ரூபா வீண் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஏற்கெனவே கூரையில் டிஷ் நிற்கும் வீட்டுக்கு இன்னுமொரு சனலைத் திறந்துவிடுவதால் விநியோக நிறுவனத்துக்கு ஏற்படும் எல்லைச் செலவு, சனல் உரிமையாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தை ஒதுக்கிவிட்டால், ஏறத்தாழப் பூச்சியம். தொகுப்பின் விலை தனிச் சனல்களின் விலைகளைக் கூட்டி வருவதன்று. அந்தத் தொகுப்பு முழுவதற்கும் ஒரு வீடு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்ற மதிப்பீட்டிலிருந்தே அது பிறக்கிறது. பார்க்காத சனலை நீக்கினால் விலை அதே விகிதத்தில் குறையும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணமே இல்லை.

இதை முதலில் தெளிவாக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் ஸ்டிக்லர். படங்களைக் கட்டுக்கட்டாகவே தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்ற திரைப்பட நிறுவனங்களுக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962 இல் வழங்கிய தீர்ப்பை ஆராய்ந்து, அவர் 1963 இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அவருடைய தருக்கத்தை நம் வீட்டு எண்களில் போட்டுப் பார்க்கலாம். மாமா கிரிக்கெட் சனலுக்கு 900 ரூபாவும் நாடகச் சனலுக்கு 300 ரூபாவும் கொடுக்கத் தயார். பக்கத்து வீட்டு அன்ரி கிரிக்கெட்டுக்கு 200 ரூபாவும் நாடகத்துக்கு 800 ரூபாவும் கொடுக்கத் தயார். தனித்தனியே விற்றால், நிறுவனத்துக்கு மிக லாபமான விலைகள் கிரிக்கெட்டுக்கு 900, நாடகத்துக்கு 800. மொத்த வருமானம் 1700. இரண்டையும் சேர்த்து 1000 ரூபாவுக்கு விற்றால் இருவருமே வாங்குவார்கள், வருமானம் 2000. மாமாவின் மொத்த மதிப்பு 1200 ஆகையால் அவருக்கு 200 ரூபா நுகர்வோர் மிகை, அதாவது கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், கிடைக்கிறது. தனி விற்பனையில் அது பூச்சியம். ஆக நிறுவனத்துக்கும் கூடுகிறது, ஒரு நுகர்வோருக்கும் கூடுகிறது, யாருக்கும் குறையவில்லை. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டவுடன், தொகுப்பென்றாலே கொள்ளை என்று வாதாடிக்கொண்டிருந்த வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

அந்த அமைதியிலிருந்துதான், தொகுப்பு எப்போதும் லாபம் தரும் என்று எழுதிவிடும் அடுத்த தவறு பிறக்கிறது. மேலே உள்ள விளைவு, ஒருவருக்கு மிகப் பிடித்தது மற்றவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்ற அமைப்பினால் வந்தது. மாமாவின் மதிப்புகள் 900, 800 எனவும் அன்ரியினுடையவை 300, 200 எனவும் மாற்றிப் பாருங்கள். தனியே விற்றாலும் சேர்த்து விற்றாலும் அதிகபட்ச வருமானம் அதே 1700 தான். இதைக் கண்டு, விருப்பங்கள் எதிரெதிராக இருந்தால் மட்டுமே தொகுப்பு லாபம் தரும் என்று எழுதிவிடுவதும் பிழையே. தனியாகவும் தொகுப்பாகவும் ஒருசேர விற்கும் கலப்பு முறையை 1976 இல் ஆடம்ஸும் யெலனும் ஆராய்ந்தார்கள். விருப்பங்கள் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதபோதும் அம்முறை தனி விற்பனையை விஞ்சுகிறது என்று 1989 இல் மக்காஃபி, மக்மிலன், வின்ஸ்டன் மூவரும் காட்டினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தொகுப்பை உடைத்த பிறகும் சனல்களின் மொத்த விலைகள், அதாவது சனல் உரிமையாளர் விநியோக நிறுவனத்திடம் வாங்கும் கட்டணங்கள், அசையாமல் நிற்கும் என்று எண்ணிக் கணக்குப் போடுவது. நான் வாசிக்கும் ஒப்படைகளில் இந்த அனுமானம் பெரும்பாலும் எழுதப்படுவதுகூட இல்லை; அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும். நடைமுறையில் அக்கட்டணம் பேரம் பேசித் தீர்மானிக்கப்படுவது. தொகுப்பில் ஒரு சனல் இருக்கும்போது, அதைப் பார்க்காத வீடு உட்பட ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. தனியே விற்கத் தொடங்கினால், அதை உண்மையில் விரும்புகிறவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள்; அவர்களுடைய கேள்வியின் நெகிழ்ச்சி குறைவு, அதாவது விலை ஏறினாலும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள்; சனல் உரிமையாளர் தலைக்கு அதிகம் கேட்பார். கிரெகரி க்ரோஃபர்ட்டும் அலி யுருக்கோக்லுவும் அமெரிக்கச் சந்தையை வைத்து 2012 இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பேரத்தையும் கணித மாதிரிக்குள் கொண்டுவந்தபோது, தனிச் சனல் விற்பனையில் சனல் உரிமையாளருக்குப் போகும் இந்த உள்ளீட்டுக் கட்டணங்கள் சராசரியாக 103 சதவீதம் உயரும் என்று மதிப்பிட்டார்கள். வேண்டியதை மட்டும் வாங்குவதால் நுகர்வோர் அடையும் நன்மையை அந்த உயர்வு பெரிதும் விழுங்கிவிடுகிறது. சராசரி நுகர்வோர் மிகையில் ஏற்படும் மாற்றம் 5.4 சதவீதக் குறைவுக்கும் 0.2 சதவீத உயர்வுக்கும் இடையில் நிற்கிறது.

இந்த எண்களைக் கையாளும் முறையிலும் கவனம் வேண்டும். அவை சராசரிகள், இரண்டே சனல் போதும் என்று இருக்கும் குடும்பம் நன்மையடையலாம், எல்லாவற்றையும் பார்க்கும் குடும்பம் நட்டமடையலாம். அவை அமெரிக்கக் கேபிள், செய்மதிச் சந்தையின் எண்கள். கொழும்பைப் பற்றிய கட்டுரையில் "ஆய்வுகளின்படி 103 சதவீதம் உயரும்" என்று போட்டால் அது மேற்கோள் என்ற பெயரில் செய்யும் ஊகம். அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழுவே 2004 இல் தனிச் சனல் விற்பனை பெரும்பாலான வீடுகளுக்கு நன்மை தராது என்று அறிக்கை தந்துவிட்டு, 2006 இல் அந்த அறிக்கையின் கணிப்புகள் பிழையானவை என்று இன்னோர் அறிக்கை வெளியிட்டது. ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர் தமக்குப் பிடித்த பாதியைக் காட்டுகிறார் என்றே நான் கொள்வேன்.

இந்தியாவைச் சான்றாகக் காட்டுவதிலும் இதே அவசரம் உண்டு. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது முதல் 100 சனல்களுக்கு வரி தவிர்த்து 130 இந்திய ரூபா வலையமைப்புக் கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சனலுக்கும் தனி விலை. தனியே விற்பனை வந்ததால் தொகுப்புகள் ஒழிந்தன என்று எழுதுவது தவறு. தொகுப்புகளும் கூடவே தொடர்ந்தன. 19 ரூபாவுக்கு மேல் விலையிட்ட சனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது என்ற விதி இருந்ததால், பிரபல பொழுதுபோக்குச் சனல்கள் பல சரியாக 19 ரூபாவில் போய் உட்கார்ந்தன. அந்த உச்சவரம்பு 2020 இல் 12 ஆகக் குறைக்கப்பட்டு, 2022 நவம்பரில் மறுபடி 19 ஆயிற்று. ஒரு குடும்பத்தின் பில் கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் பார்த்து, அது தனி விற்பனையின் விளைவு என்று சொல்லிவிட்டால், விலைவிதியின் விளைவையும் அதோடு குழைத்துவிடுகிறோம்.

தகவல் என்ற பகுதிக்கு வந்தால், "விலைகளைப் பகிரங்கப்படுத்தினால் போட்டி தானாக வரும்" என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளின் பரிந்துரைப் பந்தியிலும் இருக்கிறது. நுகர்வோருக்குத் தேடும் செலவு சிறிதளவே இருந்தாலும், அது எல்லாருக்கும் இருக்குமானால், பல விற்பனையாளர்கள் உள்ள சந்தையிலும் விலை முற்றுரிமை விலைக்கே, அதாவது ஒரே விற்பனையாளர் இருந்தால் வைக்கும் விலைக்கே, போய்விடலாம் என்று பொருளியலாளர் பீட்டர் டயமண்ட் 1971 இல் காட்டியது தகவலுக்குச் சார்பான வாதம் என்பது உண்மை. ஆனால் தகவல் விற்பனையாளர்களின் கண்ணிலும் படும். டென்மார்க்கில் 1993 முதல் ஆயத்தக் கொங்கிரீட்டின் மெய்யான விற்பனை விலைகளை நிறுவன வாரியாகப் போட்டி அதிகாரிகள் வெளியிடத் தொடங்கினார்கள்; ஒரு வருடத்துக்குள் விலைகள் 15 முதல் 20 சதவீதம் வரை ஏறின. ஒருவர் விலையை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரகசியக் கழிவு கொடுக்க யாருக்கும் துணிவு வராது. எந்தத் தகவல், யாருக்கு, வாங்குவதற்கு முன்பா பின்பா என்று பிரித்துச் சொல்லாத பரிந்துரை வெறும் நல்லெண்ணம்.

பெரிய எழுத்தில் வரும் மாதக் கட்டணத்தோடு, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரி, பெட்டியின் விலை, துண்டித்தால் மீள இணைக்கும் கட்டணம் போன்ற சிறிய எழுத்துகளும் சேர்ந்தே உண்மை விலை ஆகின்றன. இத்தகைய மறைந்த கட்டணங்களைப் போட்டியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று நம்ப வேண்டியதில்லை. கவனமான நுகர்வோர் அவற்றைத் தவிர்த்துக்கொண்டு மலிவான அடிப்படை விலையை மட்டும் அனுபவிப்பார்களாகையால், மறைப்பதை அம்பலப்படுத்தும் போட்டியாளருக்கு லாபம் இல்லாமற் போகலாம் என்பது பொருளியலாளர்கள் கபேயும் லைப்சனும் 2006 இல் எழுதிய கட்டுரையின் வாதம்.

போட்டியைப் பற்றி ஒன்றைச் சொல்லிக் கடக்கலாம். சனல்களின் எண்ணிக்கையைப் போட்டியின் அளவாகக் கொள்ளாதீர்கள். ஒரு குறிப்பிட்ட வீதியில் உள்ள வீடு எத்தனை விநியோக நிறுவனங்களிடையே தெரிவு செய்ய முடியும் என்பதே கேள்வி. சட்டப் பக்கத்தில், இலங்கையின் 1987 ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தை நீக்கி வந்த 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் நிறுவன இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லாமற் போனதைக் கவனிக்காமல், "அதிகாரசபை இணைப்பைத் தடுத்திருக்க வேண்டும்" என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக, பார்க்கும் நேரத்தை மதிப்பாக எடுத்துக்கொள்ளும் தவறு. சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாக வினாக்கொத்துக் கொடுத்து, எந்தச் சனலை எத்தனை மணித்தியாலம் பார்க்கிறீர்கள் என்று கேட்டு, அந்த மணித்தியாலங்களின் விகிதத்தில் கட்டணத்தைப் பங்கிட்டிருந்தாள். ஒரு வீட்டில் நாடகச் சனலுக்குத் தினமும் இரண்டு மணித்தியாலம், கிரிக்கெட் சனலுக்குப் பூச்சியம். தாளை நிரப்பிய அம்மாவிடம், நாடகச் சனலை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள். "யூடியூப்பில பாத்திட்டுப் போறன் பிள்ளை." கிரிக்கெட்டை எடுத்தால்? "ஐயோ, அத எடுத்தா என்ர மகன் மெட்ச் நாளில இங்க வரவே மாட்டான், அவனுக்காகத்தானே இந்தப் பெரிய பக்கேஜ்." இந்தப் பதிலுக்கு வினாக்கொத்தில் கட்டம் இல்லாததால் அவள் அதை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள், அட்டவணையில் அந்தச் சனலின் மதிப்பு பூச்சியமாகவே இருந்தது. மணித்தியாலத்தை விட்டுவிட்டு, "இந்தச் சனல் மட்டும் இல்லாவிட்டால் மாதம் எவ்வளவு குறைத்துக் கொடுப்பீர்கள்" என்று கேட்டுவரும்படி அவளை மறுபடி அதே வீடுகளுக்கு அனுப்பினேன்.