அரிசி ஆலைக்கு விளக்கு வாங்குமுன்

இலங்கையின் சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து அரிசி ஆலைகளில் காற்றில் மிதக்கும் தவிட்டுத் தூசியைப் பலர் அழுக்காக மட்டுமே பார்க்கிறார்கள். மூடிய இடத்தில் அது அடர்ந்து பரவும்போது ஒரு சிறு பொறியே வெடிப்புக்குப் போதும்.

எனவே ‘ஐபி 65’ என்ற எண்ணை மட்டும் நம்பி எல்.ஈ.டி. விளக்கு வாங்காதீர்கள். தூசியும் பீய்ச்சியடிக்கும் நீரும் உள்ளே புகாது என்பதைத்தான் அது சொல்கிறது. வெடிப்பு அபாயம் உள்ள இடத்துக்கு உகந்தது என்பதற்கு ‘ஈஎக்ஸ்’ (Ex) முத்திரை தனியாக வேண்டும். அதிலும் ‘டி’ (D) தூசிக்கு, ‘ஜி’ (G) வாயுவுக்கு. எரிபொருள் களஞ்சியத்துக்கான விளக்கைத் தவிட்டு அறையில் மாட்டுவது தவறு. தூசிமேகம் எவ்வளவு அடிக்கடி இருக்கும் என்பதைப் பொறுத்து இடங்களை 20, 21, 22 என மூன்று மண்டலங்களாகப் பிரிப்பார்கள். எப்போதும், நீண்ட நேரம் அல்லது அடிக்கடி தூசிமேகம் நிற்கும் இடமே 20. உங்கள் அறை எதுவென்று தகுதியுள்ள பொறியியலாளரே தீர்மானிக்கட்டும்.

முத்திரையில் உள்ள உச்ச மேற்பரப்பு வெப்பநிலையையும் பாருங்கள். எல்.ஈ.டி. சுடாது என்பது பாதி உண்மைதான். அதன் பின்புற உலோகச் செட்டைகள் நன்றாகவே சூடாகும். அவற்றின்மேல் தவிடு படிந்தால் வெப்பம் வெளியேறாது. கிடையான தட்டு இல்லாத, சரிந்த மேற்பகுதியுள்ள விளக்கே நல்லது. வயர் நுழையும் இணைப்பும் அதே தரச் சான்றுடன் இருக்க வேண்டும். அங்கே சாதாரண பிளாஸ்டிக் மூடியைப் போட்டால் விலையுயர்ந்த விளக்கும் பாதுகாப்பை இழந்துவிடும்.