விமான தூரமும் பயண நேரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணத் திட்டம் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன், அவை பழகப் பழகப் போய்விடும். ஆள் மாறினாலும் மாறாமல் வருகிற தவறுகள் வேறு.

தட்டை வரைபடத்தில் கோடு போடுவது

லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மிகக் குறுகிய வழி கிரீன்லாந்துக்கு மேலே வளைந்து போகிறது. தட்டை வரைபடத்தில் அது சுற்றுவழி போலத் தெரியும். நில நடுக்கோட்டில் ஒரு தீர்க்கரேகை டிகிரிக்கு 111 கி.மீ.; 60 டிகிரி வடக்கே போனால் அதில் பாதிதான். தட்டை வரைபடம் இரண்டையும் ஒரே அகலமாகக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

எந்த மைல்?

கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. எது என்று பார்த்து எழுதுங்கள்.

போகிற நேரம்தான் திரும்புகிற நேரமும் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் தூரம் அதேதான், நேரம் அப்படியல்ல. வட அட்லாண்டிக்கின் மேலே ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே போவதைத் தடுக்கும். கிழக்கே ஏறத்தாழ 7 மணி நேரம் என்றால் மேற்கே 8. குளிர்காலத்தில் காற்று வலுக்கும், வித்தியாசமும் கூடும். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. திரும்புகாலில் அதை நினைத்தே பார்க்க முடியாது.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் தாளில் இரு முனையிலும் அம்பு போட்டு, மேலே '7 மணி' என்று எழுதியிருந்தார். விலை ஏறிவிடும் என்ற அவசரத்தில், நியூயார்க்கிலிருந்து மேற்கொண்டு போக வேண்டிய விமானத்துக்கு அந்தக் கணக்கை வைத்தே தனி டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பயணி இறங்கியதே ஒரு மணி நேரம் தாமதமாக. குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யப் போனபோது கவுண்டர் மூடியாயிற்று. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் எந்த விமான நிறுவனமும் பொறுப்பேற்கவில்லை. அது மட்டுமா? 'நோ ஷோ', அதாவது பயணி வரவில்லை என்று ஆனதால் அந்த டிக்கெட்டின் திரும்பும் பயணமும் ரத்து. பணம் முழுக்கப் போயிற்று.

தயவுசெய்து இரு திசைக்கும் தனித்தனியாக, நீங்கள் போகும் மாதத்தின் அட்டவணையைப் பாருங்கள்.

தூரத்தை 900-ஆல் வகுப்பது

மணிக்கு 900 கி.மீ. என்பது உயரத்தில் சீராகப் பறக்கும்போதுதான். 450 கி.மீ. தூரத்துக்கு அரை மணி என்று எழுதாதீர்கள். டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் ஒரு கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு கேட்டில் நிற்கும் வரை. ஓடுதளம் வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடங்கும்.

பழைய கணக்கை நம்புவது

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் சுமார் 13. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தை அப்படியே கழிப்பது

இரண்டும் அந்தந்த ஊர் நேரம். பக்கத்தில் '+1' இருந்தால் மறுநாள். ஹோட்டலை அந்தத் தேதிக்கு எடுங்கள்.