"எல்லாம் டென்ஷன்தான்"னு சொல்லுததுக்கு முன்னாடி: நாம பண்ணுத சில தப்பு

நம்ம பக்கம் யாருக்காவது வயித்து வலி, தலை கிறுகிறுப்புன்னா ரெண்டே தீர்ப்புதான். ஒண்ணு "கண்ணு பட்டுருக்கும், துண்ணூறு போட்டுட்டு வா", இல்லன்னா "எல்லாம் டென்ஷன், மனச லேசா வச்சுக்கோ". ரெண்டாவது இப்ப ஜாஸ்தியாயிட்டு, ஏன்னா எல்லார் வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு சித்தப்பா இருக்காரு, தினம் காலைல "ஆராய்ச்சில கண்டுபிடிச்சிருக்காவ"ன்னு ஒண்ண தட்டிவிட்டுருதாரு. ஆராய்ச்சி நெசமாவே இருக்கு, அத நாம எடுத்துக்கிடுததுலதான் கோளாறு.

1991ல ஷெல்டன் கோஹன்னு ஒரு சைக்காலஜிஸ்டும் அவரு டீமும் இங்கிலாந்துல ஒண்ணு பண்ணுனாவ. ஆரோக்கியமான 394 பேருக்கு எவ்வளவு மன அழுத்தம்னு மொதல்ல கேள்வி கேட்டு மார்க் போட்டு வச்சிக்கிட்டு, அப்புறம் மூக்குல சளி வைரஸ சொட்டு சொட்டா விட்டு யாருக்கு ஜலதோஷம் பிடிக்குன்னு பாத்தாவ. அழுத்தம் ரொம்ப கம்மியா இருந்தவங்கள்ல 27 சதவீதம், ரொம்ப அதிகமா இருந்தவங்கள்ல 47 சதவீதம். வித்தியாசம் பெருசுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா டென்ஷன் உச்சத்துல இருந்தவங்கள்லயும் பாதிக்கு மேல ஆளுக்கு சளியே பிடிக்கல, பாத்தியளா? அதோட வைரஸ உள்ள விட்டது ஆராய்ச்சிக்காரங்க, டென்ஷன் இல்ல. கூட்டத்துக்குச் சொன்ன சதவீதத்த தூக்கி நம்ம வீட்டு ஒத்த ஆளு தலையில வச்சு "உனக்கு வந்ததே இதனாலதான்"னு சொல்லுதமே, அப்படி ஒரு வார்த்த அந்த ஆராய்ச்சில கிடையாது.

அல்சர் விஷயத்துல டாக்டர்மாரே ரொம்ப காலம் டென்ஷன், காரம்னுதான் சொல்லிட்டு இருந்தாவ. ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல், ராபின் வாரன் ரெண்டு பேரும் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற பாக்டீரியாதான் முக்கால்வாசி காரணம்னு சொன்னப்ப யாரும் நம்பல, 1984ல மார்ஷல் அந்தக் கிருமிய கலக்கி தானே குடிச்சு வயித்துல அழற்சி வர வச்சுக் காட்டுனாரு, 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல், ஆலங்குளத்துல பீடி சுத்துத அக்கா, மதினிமாரப் பாருங்க, மடியில மொறத்த வச்சு குனிஞ்ச தல நிமிராம இருந்தா முதுகு என்னத்துக்காவும், சாயங்காலம் மெடிக்கல்ல சீட்டு இல்லாம ரெண்டு மாத்திரை வாங்கி பாதி நாள் வெறும் வயித்துல போடுதாவ. அவங்களுக்கு வயிறு எரிஞ்சா "கவலப்படாத"ங்கறதுக்கு முன்னாடி என்ன மாத்திரை முழுங்குதியன்னு கேக்கணும்லா.

கேன்சர் வந்தவங்ககிட்ட போயி "நீ எல்லாத்தையும் மனசுக்குள்ளயே போட்டு அமுக்குன, அதான்"னு சொல்லுதவங்களப் பாத்தா எனக்கு ஆத்திரமா வரும். இப்படிப்பட்ட குணம் இருந்தா கேன்சர் வரும்னு அடிச்சுச் சொன்ன பெரிய ஆளு லண்டன்ல இருந்த ஹான்ஸ் ஐசெங்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட். 2019ல லண்டன் கிங்ஸ் காலேஜ் விசாரிச்சு, அவரு பேருல வந்த 26 கட்டுரைய நம்ப முடியாதுன்னு சொல்லிட்டு. சிகரெட் கம்பெனி பணம் அவருக்குப் போனதும் வெளிய வந்த விஷயம்தான். குணந்தான் காரணம்னு ஆயிட்டா சிகரெட் தப்பிச்சுக்கிடும்லா.

நேர் எதிர் தப்பும் உண்டு. ஸ்கேன், ரத்தம் எல்லாம் நார்மல்னு வந்துட்டா "நடிக்கா"ன்னுருதது. மனச்சோர்வு நம்ம ஊர்ல நெறைய பேருக்கு அழுகையா வராது, "கை கால் ஓயுது, சோறு எறங்கல, நெஞ்சு படபடன்னு வருது"ன்னுதான் வரும், அந்த வலியும் நெசம்தான்.

மனச்சோர்வு இருக்கான்னு பாக்க போன்ல பிஎச்க்யூ-9னு 9 கேள்வி வருதே, ரெண்டு வாரமா எப்படி இருக்கியன்னு கேட்டு 27க்கு மார்க் போடும். 12 வந்துட்டு, எனக்கு டிப்ரஷன்னு ஸ்டேட்டஸ் வைக்காதிய. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர் பாக்கணும், அவ்வளவுதான், அவரு தைராய்டு, ரத்தசோகை இருக்கான்னும் பாப்பாரு. அதே மாதிரி அம்மாகிட்ட இந்தக் கேள்விய கேட்டா "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னு எல்லாத்துக்கும் பூஜ்யம் போட வச்சிருவாவ, ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டு முற்றத்துல உக்காந்திருப்பாவ, அப்ப மார்க்க நம்பக்கூடாது. கடைசி கேள்வி சாகத் தோணுதான்னு. அதுல பூஜ்யம் தவிர எது வந்தாலும் கூட்டிக் கழிச்சுட்டு இருக்க வேண்டாம், 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாவ, தமிழ்லயே பேசலாம்.

மாத்திரை விஷயம் ஒண்ணு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா கோட்டி, அதாவது பைத்தியம்னு பேரு வந்துரும்னு பயந்து பயந்து போயி மாத்திரை வாங்கிட்டு வந்து, ஒரு வாரத்துல வயித்தப் பெரட்டுது, ஒண்ணும் கேக்கலன்னு நிறுத்திருதாவ. மனச்சோர்வு மாத்திரை வேல செய்ய சில வாரம் ஆவும், பெரட்டல்தான் முன்னாடி வரும். கேட்டு நல்லாயிட்டுன்னு தோணுனாலும் ஒரேயடியா விட்டுராதிய, ஓபி சீட்ட எடுத்துக்கிட்டுப் போயி எப்படி கொறைக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு விடுங்க.