பனிமலையில் விடுமுறைக் குடில்: லிங்கன் ஹில்ஸ் மனையை வைத்து ஒரு கட்டுமான வழிகாட்டி

கொலராடோவின் ராக்கி மலையில், டென்வருக்கு மேற்கே இருக்கிறது லிங்கன் ஹில்ஸ். மற்ற மலை விடுதிகள் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்த காலத்தில், 1922-ல் அவர்களுக்கென்றே தொடங்கிய ஓய்வூர் இது. 'விங்க்ஸ்' ஹாம்லெட் என்பவர் கட்டிய விடுதிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கே மனைகள் 25 அடி அகலம், 100 அடி நீளம். அந்த அளவு மனையில் குடில் கட்டும் தச்சர் முதலில் யோசிக்க வேண்டியது கூரையிலிருந்து சரியும் பனி எங்கே விழும் என்பதைத்தான்.

குடிலை 14 அடி அகலம், 20 அடி நீளம் என்று வையுங்கள். முகடு மனையின் நீளவாக்கில் ஓடட்டும். இருபுறமும் ஐந்தரை அடி மிஞ்சும். சுவரைத் தாண்டி நீளும் ஓர் அடி இறவாரம் போக, பனி உங்கள் மனைக்குள்ளேயே விழ இடமிருக்கும். வாசல் முக்கோணச் சுவர்ப் பக்கம்தான் இருக்க வேண்டும். இறவாரத்தின் கீழ் வைத்தால் சரிந்த பனி கதவை அடைத்துவிடும்.

அடித்தூண்கள் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. குழி மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். உறைநிலை ஆழத்தை, அதாவது குளிரில் மண் எவ்வளவு ஆழம் வரை உறையும் என்பதை, உள்ளூர் கட்டட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். பாதியில் கல் தட்டினால் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் அது தனிக் கல், எடுத்தே ஆகவேண்டும். அசையாத பாறையென்றால் துளையிட்டுக் கம்பி இறக்கிப் பிணைக்கலாம். கான்கிரீட்டை வெறும் குழியில் ஊற்றாதீர்கள். மேல்பக்கம் காளான்போல் விரிந்துவிடும். உறையும் மண் அந்த விளிம்பைப் பிடித்துத் தூணையே மேலே தூக்கும். வழவழப்பான அட்டைக் குழாய் அச்சுக்குள் ஊற்றுங்கள்.

மரம் எதுவும் தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்குக் கீழே வரக்கூடாது. கைமரம், உத்தரங்களின் கனத்தை அந்த இடத்துக்குரிய பனிச்சுமைக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கூரைச் சரிவு 12-க்கு 12, அதாவது 12 அங்குலம் கிடையாகப் போனால் 12 அங்குலம் உயர வேண்டும். மேலே தகரம். மரச் சில்லுக் கூரை வேண்டாம். காட்டுத்தீயின் ஒரு பொறி போதும். புகைபோக்கியை முகட்டை ஒட்டியே ஏற்றுங்கள். இறவாரத்துக்கு அருகில் வைத்தால் சரியும் பனி அதை முறித்துக்கொண்டு போகும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடி உயரம், பத்தடிக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயரம் தேவை.

குளிர்காலத்தில் குடில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும். அதனால் தண்ணீர்க் குழாய்களை அடிக்குக் கால் அங்குலம் சரிவாக ஒரே தாழ்ந்த புள்ளிக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு வடிகால் வால்வு வையுங்கள். வடித்த பிறகும் கழுவும் தொட்டிகளின் கீழுள்ள குழாய் வளைவுகளில் தண்ணீர் தங்கும். அதில் நச்சில்லாத உறைதடுப்பு திரவத்தை ஊற்றிவிட்டே கதவைப் பூட்டுங்கள்.