கொட்டியாரக் கடலின் நிறத்தைப் பார்த்துக் காபன் கணக்குப் போடாதீர்கள்

மார்கழி மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் எறித்தபின் திருகோணமலைக் கோணேசர் கோவில் மலையில் ஏறி நின்று தெற்கே பாருங்கள். கொட்டியாரக் குடாவில் கோடு கிழித்ததுபோல் இரண்டு நிறம் தெரியும். மூதூர்ப் பக்கம் மண் கலந்த பச்சை, இந்தப் பக்கம் கருநீலம். அந்தக் கோட்டைக் காட்டி, "அந்தப் பச்சை முழுதும் பாசி, காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டை எல்லாம் அது குடித்துவிடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிகளிலும் இதே வாசகம் அட்டையில் தொங்குகிறது. கடலின் நுண்பாசிகள்மீது ஆர்வம் வளர்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதனால்தான் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பிழைகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பச்சை எல்லாம் பாசி என்று எண்ணுவது

தூய கடல்நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும்; நீலத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். ஆழ்கடல் நீலமாகத் தெரிவது அதனால்தான். நுண்பாசியில் உள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. ஆகவே பாசி பெருகினால் கடல் பச்சையாவது உண்மை. ஆனால் கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு வண்டலையும் கொண்டுவரும். காட்டிலும் வயலிலும் உக்கிய இலைதழைகளின் மஞ்சள் சாயத்தையும் கொண்டுவரும். சாயம் நீல ஒளியை விழுங்கும், வண்டல் எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். இரண்டும் சேர்ந்தால் பாசி அதிகம் இல்லாமலே தண்ணீர் பச்சையாகிவிடும். நிலாவெளியிலும் புறாத்தீவைச் சுற்றியும் தெரியும் வெளிர்நீலத்துக்குக் காரணம் வேறு. அங்கே ஆழம் குறைவு, அடியில் வெள்ளை மணல்.

செய்மதியும் இந்த இடத்தில் ஏமாறும். கடலிலிருந்து மேலெழும் நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தை வைத்தே அது பச்சையத்தின் அளவை மதிப்பிடுகிறது. நடுக்கடலில் இந்த முறை நன்றாகப் பொருந்தும். ஆற்றுமுகத்திலோ சாயத்தையும் வண்டலையும் சேர்த்துப் பச்சையம் என்று எண்ணிவிடும். நாசா 2024 பெப்ரவரியில் ஏவிய பேஸ் செய்மதி நூற்றுக்கு மேற்பட்ட நிறப்பட்டைகளில் கடலைப் பார்க்கிறது. இவற்றைப் பிரித்தறிவதற்கு அது கைகொடுக்கும். என்றாலும் பச்சையம் அதிகமுள்ள இடத்தைச் சிவப்பால் காட்டும் செய்மதி வரைபடத்தில் கொட்டியாரம் சிவந்து தெரிந்தவுடன் "பாசிப் பெருக்கம்" என்று தலைப்பிடுவதற்கு முன், அந்த வாரம் ஆற்றில் வெள்ளம் வந்ததா என்று கேளுங்கள்.

விழுங்குதலையும் சிதறடித்தலையும் ஒன்றாக்குவது

இது கொஞ்சம் நுட்பமானது. வீட்டிலேயே செய்து பார்த்தால் எளிதில் விளங்கும். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுங்கள். ஒன்றில் பிளேன்டீ ஊற்றுங்கள். மற்றதில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று துளி பால் விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலிருந்தும் டோர்ச் அடியுங்கள். தேநீருக்குள் புகுந்த ஒளி செம்பழுப்பாகி மங்கிப்போகும். பால் கலந்த தம்ளர் முழுவதும் உள்ளே விளக்கு ஏற்றியதுபோல் வெளிறி ஒளிரும். தேநீர் ஒளியை விழுங்குகிறது, பால் சிதறடிக்கிறது. கடலில் பச்சையம் பெரும்பாலும் தேநீர் செய்யும் வேலையைச் செய்கிறது. பாலின் வேலையைச் செய்வதற்கென்றே ஒரு பாசிக் கூட்டம் இருக்கிறது.

அதன் பெயர் கொக்கோலிதோபோர். ஒரு மில்லிமீற்றரில் இருநூறு உயிர்களை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சிறியது. உடலைச் சுற்றிக் கல்சியம் காபனேற்றினாலான வட்டச் செதில்களைக் கேடயம்போல் அடுக்கிவைத்திருக்கும். இங்கிலாந்தின் டோவர் கரையில் நிற்கும் வெள்ளைச் சுண்ணக் குன்றுகள் பெரும்பாலும் இந்தச் செதில்கள் குவிந்து உண்டானவை. 1991 ஜூனில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே சுமார் 250,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் இவை பெருகிக் கடல் பால்நீலமாக மாறியது. நம்முடைய தீவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு அது.

செய்மதிப் படத்தில் அந்தப் பால்நிறம் மிகவும் பளிச்சென்று தெரியும் வேளையில் அந்தப் பாசிகள் செழித்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பல வேளைகளில் அவை செத்துக்கொண்டிருக்கும். உதிர்ந்த செதில்கள்தான் ஒளியைத் தெறிக்கவைக்கும். வங்காள விரிகுடாவிலும் கொக்கோலிதோபோர்கள் வாழ்கின்றன. ஆனால் இப்படிக் கடலையே பாலாக்கும் பெருக்கங்கள் வட அத்திலாந்திக், கருங்கடல், பற்றகோனியக் கரை போன்ற குளிர்ந்த பகுதிகளுக்கே உரியவை. அந்தப் படங்களைத் திருகோணமலைக் கடல் என்று பகிர்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பச்சையம் கூடினால் காபன் கூடியது என்பது

நிழலில் வளரும் செடியின் இலை கரும்பச்சையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள அது பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. நுண்பாசியும் அப்படியே. வானம் மூடிக்கிடக்கும் வாடைக் காலத்தில் அதே உடலுக்குள் பச்சையம் கூடும். உடலில் உள்ள காபன் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. பச்சையத்தின் ஒரு பங்குக்கு எத்தனை பங்கு காபன் என்பது பாசிக்குப் பாசி, வெளிச்சத்துக்கு வெளிச்சம் பத்து மடங்கு வரையும் மாறும்.

செய்மதி கடலின் மேற்பகுதியை மட்டுமே காண்கிறது என்பதும் மறந்துபோகிறது. வங்காள விரிகுடாவில் பச்சையம் மிக அதிகமாக இருக்கும் அடுக்கு பல இடங்களில் பல பத்து மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. சோழகக் காலத்தில் நம்முடைய கரைக்கடல் கண்ணாடிபோல் கிடக்கும்போதே, தீவுக்குக் கிழக்கே இடஞ்சுழியாகச் சுழலும் பெரிய நீரோட்டம் ஒன்று உண்டாகிச் சத்துள்ள குளிர்நீரை மேல்நோக்கி உயர்த்துகிறது. 'இலங்கைக் குவிமாடம்' என்று கடலியலாளர் அதை அழைக்கிறார்கள். மேலே நீலமாக இருப்பதால் கீழே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினால் இதை முற்றாகத் தவறவிடுவோம்.

உறிஞ்சியதெல்லாம் புதைந்தது என்பது

கண்காட்சி அட்டைகளில் என்னை மிகவும் வருத்தும் பிழை இதுதான். கடற் பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 50 பில்லியன் தொன் காபனை உடலாக்குகின்றன. நிலத்துத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து செய்யும் அளவுக்கு ஏறத்தாழச் சமம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காபனின் பெரும்பகுதி சில நாட்களுக்குள் மேல்நீரிலேயே தின்னப்பட்டு, சுவாசிக்கப்பட்டு, மறுபடி காபனீரொட்சைட்டாகிறது. சுமார் பத்தில் ஒரு பங்கே ஆழத்துக்கு இறங்குகிறது. கடலடி மண்ணில் நிலையாகப் புதைவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இறங்கும் விதத்தைப் பாருங்கள். தனித்த ஒரு பாசி ஒரு நாளில் ஒரு மீற்றர்கூட இறங்காது, அதற்குள் அழிந்துவிடும். பாசிகள் சளிபோல் ஒட்டித் திரண்டாலோ, சிறு கூனிகள் தின்று கழித்த எச்சக் குளிகைகளானாலோ நாளொன்றுக்கு நூறு மீற்றரும் அதற்கு மேலும் இறங்கும். அவற்றோடு ஆற்றுக் களிமண் ஒட்டிக்கொண்டால் பாரம் கூடி இன்னும் விரைவாகப் போகும். வங்காள விரிகுடாவின் ஆழத்தில், மேலிருந்து விழும் துகள்களைப் பிடிக்கும் பொறிகளை இறக்கிச் செய்த ஆய்வுகள், ஆறுகள் பெருகும் காலத்தில் கீழே விழும் காபனும் கூடுவதைக் காட்டின. செய்மதியைக் குழப்பும் அதே வண்டல், காபனை ஆழத்துக்கு இழுத்துச் செல்வதற்குத் துணையாகவும் இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கி ஆழ்கடல் நோக்கிச் செல்லும் கடலடிப் பள்ளத்தாக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வரும்.

சுண்ண ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஓடு காபனால் ஆனது, ஆகவே ஓடு கட்டும் பாசி காற்றைச் சுத்தமாக்குகிறது" என்பார்கள். நடப்பது வேறு. பாசி நீரில் கரைந்துள்ள காபனின் ஒரு வடிவமான இருகாபனேற்று அயன்கள் இரண்டை எடுத்து ஒன்றை ஓடாக்குகிறது. மற்றையது காபனீரொட்சைட்டாகி வெளியே வருகிறது. அமிலத்தன்மை எளிதில் மாறாமல் காக்கும் கடல்நீரின் தாங்கல் இயல்பால், கட்டப்படும் ஒவ்வொரு பங்கு சுண்ணத்துக்கும் சுமார் 0.6 பங்கு காபனீரொட்சைட்டு நீரில் கூடுகிறது. ஓடு கட்டும் வேலை மட்டும் கணக்கில் எதிர்ப்பக்கம் நிற்கிறது. அதே ஓட்டின் பாரம் செத்த உடலைக் கீழே இழுக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழிக்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய நான்கில் ஒன்றைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. இதற்கும் பாசிக்கே பெயர் கொடுத்துவிடுகிறோம். காற்றில் அந்த வாயு கூடியதால் நீரில் கரைவதும் கூடியது. அதுவே முதன்மையான காரணம். பாசியின் வளர்ச்சியைத் தடுப்பது நைத்திரேற்று, பொசுபேற்று, இரும்பு, வெளிச்சம் ஆகியவற்றின் குறைவு. காபனீரொட்சைட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. பாசியின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. தொன்றுதொட்டு அது காபனை ஆழத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் அங்கே அந்தச் சேமிப்பு நிலைத்திருக்கிறது. அது நின்றுபோனால் இன்று மில்லியனுக்கு 420 பங்குக்கு மேல் இருக்கும் வளிமண்டலக் காபனீரொட்சைட்டு இன்னும் 150 முதல் 200 பங்கு வரை ஏறிவிடும் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஒட்சிசனும் இப்படித்தான். உலகில் உண்டாகும் ஒட்சிசனில் பாதி கடலில் உண்டாகிறது. அதில் மிகப் பெரும்பகுதி கடலிலேயே செலவாகிவிடுகிறது. "நாம் விடும் ஒவ்வொரு இரண்டாவது மூச்சும் கடல் தந்தது" என்ற வாசகத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வலையிலும் போத்தலிலும் தொலைப்பது

இறங்குதுறையில், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும் பிளாங்டன் வலையை இழுத்துப் பார்க்கும் உயர்தர மாணவர்களுக்கு இது. 20 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள வலையில் கண்ணாடி ஓடுள்ள பாசிகளான டயற்றம்கள் நிற்கும். 5 மைக்ரோமீற்றர் கொக்கோலிதோபோர் நழுவிவிடும். 1988இல்தான் உலகுக்குத் தெரியவந்த, ஒரு மைக்ரோமீற்றருக்கும் சிறிய, பாசியைப்போல் வெளிச்சத்தில் வளரும் புரோகுளோரோகொக்கஸ் பற்றீரியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலையில் அகப்பட்டதை மட்டும் எண்ணி "இந்தக் கடலில் இருப்பவை இவைதான்" என்று எழுதாதீர்கள். வலையோடு ஒரு போத்தல் நீரும் எடுங்கள்.

அந்தப் போத்தலில் என்ன விடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். வழக்கமாகப் பாசியைப் பாதுகாக்க லூகோல் அயடீன் கரைசல் விடுவோம். பல ஆய்வுகூடங்களில் அதில் அசற்றிக்கமிலம் சேர்த்திருப்பார்கள். டயற்றத்தின் கண்ணாடி ஓட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. கொக்கோலிதோபோரின் சுண்ணச் செதில் அமிலத்தில் கரைந்துவிடும்; நுணுக்குக்காட்டியில் வெறும் பழுப்பு உருண்டை தெரியும், பட்டியலில் பூச்சியம் விழும். நீரை இரண்டு போத்தல்களில் பிரியுங்கள். ஒன்றில் லூகோல், மற்றதில் நடுநிலைப்படுத்திய போமலின். போமலின் நச்சு என்பதால் அதை ஆசிரியரே கையுறை அணிந்து ஊற்றட்டும். இரண்டாவது போத்தலின் துளியை, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் முனைவாக்கும் தட்டுகள் பொருத்திய நுணுக்குக்காட்டியில் மிகப் பெரிய உருப்பெருக்கத்தில் வைத்தால், கருமைக்கு நடுவே குட்டி வட்டங்கள் ஒளிரும், ஒவ்வொன்றின் நடுவிலும் கரிய சிலுவைக்குறி தெரியும். போத்தலின் மேல் பென்சிலால் நாள், நேரம், எடுத்த ஆழம், அன்று வீசிய காற்று வாடையா கச்சானா, ஆற்றில் நீர் கலங்கியிருந்ததா என்பதை எழுதி ஒட்டுங்கள்.